ஜேம்ஸ் கிரெய்க்கில் ஒரு நாள்: சிட்னியில் முதன்முறையாகப் பாய்மரக் கப்பல் ஏறுகிறவர்களுக்கு

சிட்னி துறைமுகத்தைத் தண்ணீரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று யார் கேட்டாலும், முதலில் மேன்லி ஃபெர்ரியில் ஏறுங்கள் என்றுதான் சொல்வேன். சர்க்குலர் கீயில் ஓபல் கார்டைத் தட்டினால் அரை மணி நேரத்தில் ஓபரா ஹவுஸ், ஹார்பர் பாலம், ஃபோர்ட் டெனிசன் தீவு எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் அவர்களுக்கும் அது தாராளமாகப் போதும்.

ஜேம்ஸ் கிரெய்க் வேறு சங்கதி. 1874-ல் இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் கட்டிய, இரும்பு உடம்புள்ள, மூன்று மரம் (பாய் கட்டும் உயரக் கம்பம்) வைத்த பாய்மரக் கப்பல் அது. காலையில் பிர்மான்ட்டிலிருந்து கிளம்பி, பாலத்துக்கு அடியில் போய், ஹெட்ஸ் எனும் துறைமுக வாயிலைத் தாண்டித் திறந்த கடலில் பாய் விரித்து ஓடிவிட்டு மாலையில் திரும்பும். போகும் வழியில் தெரியும் காட்சிகள் ஃபெர்ரியிலும் கிடைப்பவைதான். இன்ஜினை அணைத்துவிட்டுக் காற்றை மட்டும் நம்பி ஓடுகிறதே, அந்த நேரத்துக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். அந்த நேரத்தில் நீங்கள் குளிரில் நடுங்காமல், வாந்தி எடுக்காமல், சரியான இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில்: எந்தப் பயணம்?

பாய்மரக் கப்பல் என்று தேடினால் சிட்னியில் இரண்டு வகைப் பயணம் கிடைக்கும். ஒன்று துறைமுகத்துக்குள்ளேயே சுற்றுவது. தி ராக்ஸ் பக்கம் கேம்பெல்ஸ் கோவ் என்ற சிறு குடாவிலிருந்து கிளம்பும் சதர்ன் ஸ்வான் அப்படிப்பட்டது. 1922-ல் டென்மார்க்கில் கட்டிய மரக் கப்பல். இரண்டு மூன்று மணி நேரம், தட்டில் சாப்பாடு, அலை இல்லாத தண்ணீர். பாதுகாப்பு வார் மாட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏறிப் பார்க்கவும் பயணிகளை விடுவார்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால், கடல் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம் இருந்தால், இதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்று ஜேம்ஸ் கிரெய்க்கின் முழு நாள் பயணம். குறைந்தது ஆறு மணி நேரம் தண்ணீரில் இருப்பீர்கள். நடுவில் இறங்க வழி கிடையாது. ஹெட்ஸுக்கு வெளியே போகும் பயணங்களில் பிள்ளைகளுக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யும் முன் அதை முதலில் பாருங்கள். ஒன்பது வயதுப் பையனிடம் ஆசை காட்டிவிட்டு அப்புறம் வீட்டில் விட்டுவிட்டுப் போவது பெரிய பாவம்.

எதற்கும் துணிவு வராதவர்களுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு. கப்பல் கடலுக்குப் போகாத நாளில் பிர்மான்ட்டில் வார்ஃப் 7 என்ற துறையில் கட்டிக் கிடக்கும். உள்ளே ஏறிச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களை இப்படி ஒருமுறை கூட்டிப் போய், படிகளையும் ஏறுபாலத்தையும் காட்டி, முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை

வழிகாட்டிக் கட்டுரையில் வரலாறு எதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கப்பலில் இருக்கும் ஊழியர்கள் எல்லாரும் இந்தக் கதையைச் சொல்லக் காத்திருப்பவர்கள். கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொண்டு போனால் கேள்வி கேட்க வரும், பேச்சும் நீளும்.

பிறந்தபோது இதன் பெயர் கிளான் மேக்லியோட். சரக்கு ஏற்றிக்கொண்டு உலகம் முழுக்கச் சுற்றியது. தென்னமெரிக்காவின் கேப் ஹார்ன் முனையை மட்டும் 23 முறை சுற்றி வந்திருக்கிறது. 1900-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த ஜே. ஜே. கிரெய்க் வாங்கினார். 1905-ல் பெயர் ஜேம்ஸ் கிரெய்க் ஆனது. நீராவிக் கப்பல்கள் வந்து பாய்மரக் கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்த காலம் அது. 1911-ல் மரங்களைக் கழற்றிவிட்டு நியூகினியில் போர்ட் மோர்ஸ்பியில் கொப்பரை கொட்டி வைக்கும் மிதக்கும் கிடங்காக நிறுத்திவிட்டார்கள். முதல் உலகப் போரில் கப்பல்களுக்குத் தட்டுப்பாடு வந்ததும் மறுபடி பாய்மரம் நட்டு ஓட்டினார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் மறுபடி கிடங்கு. இந்த முறை டாஸ்மேனியாவின் தென்கோடியில், நிலக்கரிக்கு. 1932-ல் ஒரு புயலில் கட்டு அறுந்து ரெஷெர்ஷ் விரிகுடாக் கரையில் தரை தட்டியது. மறுபடி மிதந்து போய் யார் மீதாவது மோதிவிடக் கூடாது என்று பின்பக்கத்தில் வெடி வைத்து ஓட்டை போட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். சிட்னி ஹார்பர் பாலம் திறந்ததும் அதே 1932-ல்தான்.

நாற்பது வருடம் தண்ணீரில் ஊறிக் கிடந்த அந்த இரும்புக் கூட்டை 1972-ல் ஓட்டை அடைத்து மிதக்க வைத்தவர்கள் சிட்னியின் தன்னார்வலர்கள். மறு வருடம் ஹோபார்ட்டுக்கு இழுத்துப் போனார்கள், 1981-ல் சிட்னிக்கு. தகடு தகடாகத் துருவை வெட்டி எடுத்துப் புதிதாகப் பொருத்தி, 1997-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து பயணிகளுடன் கடலுக்குப் போய்வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டி இன்றும் பாய் விரித்து ஓடும் இந்த வகைக் கப்பல்கள் உலகத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்கும்: சான் டியேகோவில் ஸ்டார் ஆஃப் இந்தியா, டெக்சாஸின் கால்வெஸ்டனில் எலிசா, பிரான்சில் பெலெம், சிட்னியில் இது.

கப்பல் இன்று சிட்னி ஹெரிட்டேஜ் ஃப்ளீட் என்ற அமைப்பிடம் இருக்கிறது. சுக்கான் பிடிப்பவர், மரத்தில் ஏறுபவர், உங்கள் கையில் டீ கொடுப்பவர் என்று கிட்டத்தட்ட எல்லாருமே சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள். டிக்கெட் விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். 150 வயது இரும்புக் கப்பலுக்குத் துரு எடுத்துப் பெயிண்ட் அடிக்கிற செலவு எங்கிருந்தாவது வர வேண்டுமே.

எந்த மாதம், என்ன காற்று

எல்லா வாரமும் கப்பல் போகாது. வார இறுதிகளில், இடைவெளி விட்டுத்தான் தேதி போடுவார்கள். இருக்கும் தேதிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குச் சிட்னியின் காற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கப்பலின் முன் இரண்டு மரங்களிலும் பாய்கள் குறுக்காகக் கட்டியிருக்கும். இப்படிப்பட்ட கப்பல் காற்றுக்கு எதிராக ஓடாது. காற்று வரும் திசைக்கு 60, 70 டிகிரி விலகித்தான் போக முடியும். ஹெட்ஸ் கிழக்கே பார்த்து இருக்கிறது. இப்போது கணக்குப் போடுங்கள். கோடைப் பிற்பகலில் சிட்னிக்கு வடகிழக்குக் கடற்காற்று வரும். அப்படிப்பட்ட நாளில் ஹெட்ஸைத் தாண்டும் வரை இன்ஜின்தான். வெளியே போய்த் தென்கிழக்காகத் திரும்பிய பிறகு பாய் நன்றாக வாங்கும், திரும்பி வரும்போதும் காற்று பக்கவாட்டில் கிடைக்கும். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும். அது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் அலை அவ்வளவாக எழும்பாது, கப்பலும் அம்பு போல வெளியே போகும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும் என்பதால் இன்ஜினைப் போட்டுத்தான் வந்தாக வேண்டும். தெற்குக் காற்று என்றால் போகவும் வரவும் வசதி, ஆனால் கூடவே அலையும் வரும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் மார்ச் முதல் மே வரை. வெயில் சுடாது, தண்ணீர் இன்னும் கதகதப்பாக இருக்கும், கோடையில் திடீரென்று தெற்கிலிருந்து பாய்ந்து வரும் அந்தச் சூறைக்காற்றின் தொல்லையும் குறைந்திருக்கும். திமிங்கிலம் பார்க்க ஆசை இருந்தால் ஜூன், ஜூலை. ஹம்ப்பேக் திமிங்கிலங்கள் அப்போது வடக்கே போகும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கே திரும்பும். கப்பல் அவற்றிடமிருந்து 100 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், குட்டி இருந்தால் 300 மீட்டர் என்பது சட்டம். அதனால் கையெட்டும் தூரத்தில் திமிங்கிலம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். டிசம்பர் 26-ல் சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குக் கிளம்பும் பாய்மரப் படகுப் போட்டி, ஜனவரி 26 ஆஸ்திரேலியா தினம் போன்ற விசேஷ நாட்களில் துறைமுகம் முழுக்கப் படகு நெரிசலாக இருக்கும். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கப்பல் ஓடுவதைப் பார்க்க அது நாள் இல்லை.

பதிவு செய்யும்போது

சிட்னி ஹெரிட்டேஜ் ஃப்ளீட் இணையதளத்தில் நேரடியாகப் பதிவு செய்யுங்கள். சாப்பாடு அவர்களே தருவார்கள்: காலை டீ, மதியம் லேசான சாப்பாடு, மாலை டீ. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிட வேண்டும். கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் சாண்ட்விச்சிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டுத் தருவதைத் தவிர அவர்களால் எதுவும் செய்ய முடியாது. "வெஜிடேரியன்" என்று மட்டும் எழுதினால் மீன் வந்து சேரும் வாய்ப்பும் உண்டு. முட்டை, மீன் சேர்ப்பீர்களா மாட்டீர்களா என்று தெளிவாக எழுதுங்கள்.

வானிலை மோசமானால் என்ன செய்வார்கள் என்பதையும் படித்துவிடுங்கள். சில நாளில் ஹெட்ஸுக்கு வெளியே போகாமல் துறைமுகத்துக்குள்ளேயே சுற்றிவிட்டுத் திரும்புவதாகக் கேப்டன் முடிவெடுக்கலாம். அது அவர் உரிமை, வாதாடிப் பயனில்லை. வேறு மாநிலத்திலிருந்தோ ஊரிலிருந்தோ விருந்தாளிகள் வந்திருக்கும்போது அவர்கள் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் பார்த்து டிக்கெட் போடாதீர்கள்.

வயிற்றைச் சரிசெய்வது

இதைப் படிக்காமல் விட்டவர்களைக் கப்பலின் ஓரத்தில் தலையைக் கவிழ்த்தபடி பார்க்கலாம்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் சிட்னி கடற்பகுதிக்கான முன்னறிவிப்பைப் பாருங்கள். நகரத்துக்கான வானிலை வேறு, கடலுக்கானது வேறு. இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது காற்று, நாட் கணக்கில். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 15 முதல் 20 நாட் என்றால் இந்தக் கப்பலுக்கு அருமையான நாள். 10-க்குக் கீழே என்றால் பாய் தொங்கும். இரண்டாவது ஸ்வெல், மீட்டர் கணக்கில். தொலைவில் எங்கோ அடித்த காற்றில் கிளம்பி இங்கே வந்து சேரும் நீண்ட அலை அது. ஒரு மீட்டர் என்றால் கவலை வேண்டாம். இரண்டைத் தாண்டினால் கப்பல் மெதுவாக, ஆழமாக உருளும். பஸ்ஸில் மலையேறினாலே தலை சுற்றுகிறவர்கள் அன்றைக்கு மாத்திரை இல்லாமல் ஏறக் கூடாது.

மாத்திரை எந்தக் கெமிஸ்ட் கடையிலும் மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும். குவெல்ஸ், டிராவகாம் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு விழுங்கினால் பலனில்லை, கிளம்புவதற்கு அரை மணி நேரமாவது முன்னால் போட வேண்டும். ஒரு முக்கியமான எச்சரிக்கை: இவற்றில் பலவற்றிலும் இருக்கும் ஹையோசின் என்ற மருந்து கண் நீர் அழுத்த நோய் (கிளௌகோமா) உள்ளவர்களுக்கும் புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்களுக்கும் ஆகாது. அப்பாவுக்கு வாங்கித் தருவதாக இருந்தால் அவர் சாப்பிடும் மாத்திரைப் பட்டியலைக் கெமிஸ்ட்டிடம் காட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டியவர் இதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றோடு போவது தவறு, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவதும் தவறு. இரண்டு இட்லி, சர்க்கரை மட்டும் தொட்டுக்கொண்டு. எண்ணெய் மிதக்கும் மிளகாய்ப்பொடியும் பூரி கிழங்கும் இன்னொரு நாளைக்கு. பையில் இஞ்சி மிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் இஞ்சி மொரப்பாவே போதும்.

உடை

கடலில் கரையைவிட எப்போதும் குளிர் அதிகம், வெயிலும் அதிகம். இரண்டும் ஒரே நாளில் வரும். பருத்திச் சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கு மேல் காற்று நுழையாத ஜாக்கெட் என்று அடுக்கிப் போட்டால் கழற்றி மாட்ட வசதி. தொப்பிக்குத் தாடைக்கடியில் கட்டும் கயிறு வேண்டும், இல்லாவிட்டால் அது பாலம் வரைகூட வராது. சன்ஸ்கிரீனைக் காதுக்குப் பின்னாலும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

செருப்பு போடவே கூடாது. தட்டையான ரப்பர் அடியுள்ள, கால்விரலை மூடும் ஷூதான். தளம் ஈரமாக இருக்கும், இரும்பு வளையங்களும் கயிறு கட்டும் கட்டைகளும் காலில் தட்டும். புடவை, நீளத் துப்பட்டா, தொளதொள வேட்டி எல்லாம் கயிற்றிலும் ஏணிப்படியிலும் மாட்டிக்கொள்ளும். போட்டோவுக்குப் புடவைதான் வேண்டும் என்றால் கப்பல் கரையில் நிற்கும் நாளில் போய் எடுத்துக்கொள்ளலாம்.

வார்ஃப் 7-க்குப் போவது

மேற்குப் புறநகர்களான வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கமிருந்து வருகிறவர்கள் ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து டல்விச் ஹில் போகும் லைட் ரெயிலில் ஏறிப் பிர்மான்ட் பே நிறுத்தத்தில் இறங்கினால் துறை பக்கத்திலேயே இருக்கிறது. கடல்சார் அருங்காட்சியகத்தை அடுத்து நிற்கும் கப்பலின் பாய்மரங்கள்தான் அடையாளம். டவுன் ஹால் ஸ்டேஷனில் இறங்கிப் பிர்மான்ட் பாலம் வழியாக நடந்தும் வரலாம். இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வார இறுதியில் தண்டவாளப் பராமரிப்பு என்று ரயிலை நிறுத்திப் பஸ் விடுவது சிட்னியில் சகஜம் என்பதால், முதல் நாள் இரவே பயணச் செயலியில் பார்த்துவிடுங்கள். கப்பல் உங்களுக்காக நிற்காது.

காரில் வந்தால் அந்தப் பகுதியில் நாள் முழுக்க நிறுத்தும் கட்டணம் மனதைப் புண்படுத்தும்.

ஏறியவுடன்

ஏறுபாலத்தின் சரிவு கடல்மட்டத்தைப் பொறுத்து மாறும். காலையில் சமமாக இருந்தது மாலையில் செங்குத்தாக நிற்கலாம். பெரியவர்கள் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து ஏறட்டும். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் பாதுகாப்பு விளக்கம் நடக்கும். உயிர்காப்புச் சட்டை எங்கே, எந்தக் கோட்டுக்கு அப்பால் போகக்கூடாது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வார்கள். இந்த நேரத்தில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் பிறகு வேறு யாரையாவது கேட்டுக்கொண்டு அலைய வேண்டும். விளக்கம் முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். படி செங்குத்து, இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலப் படியைப் பார்த்தபடி இறங்குவதுதான் சரி. கழிப்பறைக்குப் போய்வரும் வேலையையும் துறைமுகத்துக்குள் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியே போன பிறகு, ஜன்னல் இல்லாத சிறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பதுதான் வாந்திக்குக் குறுக்கு வழி.

ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும், பிடித்துக்கொள்ள. இன்னொன்று: தளத்தில் சுருட்டிக் கிடக்கும் கயிற்றின் வளையத்துக்குள் கால் வைக்கவே வேண்டாம். அது சும்மா கிடப்பதுபோல் தெரியும். மேலே பாய் காற்றை வாங்கியதும் அதே கயிறு கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும், வளையத்துக்குள் இருக்கும் காலையும் சேர்த்து இழுக்கும்.

பாலத்துக்கு அடியில்

இன்ஜினில்தான் கிளம்பும். பாலம் நெருங்கும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். மரத்தின் உச்சி இடித்துவிடும் என்றே தோன்றும். பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே 49 மீட்டர், கப்பலின் நடுமரம் 30 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நிறைய இடம் இருக்கிறது. ஆனாலும் கழுத்து தானாகக் குனியும்.

ஓபரா ஹவுஸ் வலப்பக்கம் வரும். எல்லாரும் அங்கே குவிவார்கள். நீங்கள் கப்பலின் நடுப்பகுதியிலேயே நில்லுங்கள், திரும்பி வரும்போதும் அதே ஓபரா ஹவுஸ் அங்கேதான் இருக்கும். அடுத்து இடப்பக்கம் பிராட்லீஸ் ஹெட் முனையில் கரையோரம் ஒரு இரும்புக் கம்பம் நிற்பதைப் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். அது எச்.எம்.ஏ.எஸ். சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலின் மரம். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுப் போனதே எம்டன், அதே எம்டனை நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே அடித்து முடித்தது இந்தச் சிட்னிதான். கூட வந்திருக்கும் தாத்தாவிடம் கம்பத்தைக் காட்டிச் சொல்லுங்கள். அவருக்கு ஓபரா ஹவுஸைவிட இது பிடிக்கும்.

பாய் விரிக்கும் நேரம்

ஹெட்ஸ் நெருங்கும்போதே ஊழியர்கள் மரத்தில் ஏறத் தொடங்கியிருப்பார்கள். இடுப்பில் வாரைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு, குறுக்குமரத்தின் மேல் வயிற்றைச் சாய்த்து, காலுக்கடியில் தொங்கும் ஒற்றைக் கயிற்றில் நின்று, பாயைக் கட்டியிருக்கும் துணி வார்களை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார்கள். ஒருவர் அந்தக் கயிற்றில் கால் வைத்தால் பக்கத்தில் நிற்பவர் ஒரு சாண் மேலே எழும்புவார், அதனால் கால் வைக்கும் முன் குரல் கொடுத்துவிட்டுத்தான் வைப்பார்கள். மொத்தம் 21 பாய்கள். எல்லாவற்றையும் எல்லா நாளும் விரிப்பதில்லை.

கீழே கயிறு இழுக்க ஆள் கேட்பார்கள். கட்டாயம் போங்கள். கையில் இருக்கும் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். வரிசையாக நிற்கச் சொல்வார்கள். முன்னால் நிற்கும் ஊழியர் குரல் கொடுக்கும்போது எல்லாரும் சேர்ந்து இழுக்க வேண்டும். கையால் இழுத்தால் இரண்டாவது இழுப்பிலேயே தோள் வலிக்கும். முழங்காலை மடித்து, உடம்பை அப்படியே பின்னால் சாய்த்து எடையைக் கொடுத்தால் கயிறு வரும். இழுத்து முடிந்ததும் "விடுங்கள்" என்று சொல்லும்வரை விடக்கூடாது. சொன்ன பிறகு பிடித்துக்கொண்டும் நிற்கக்கூடாது. முன்னால் நிற்பவர் கயிற்றைக் கட்டையில் எட்டு வடிவில் சுற்றிக் கட்டுவார், பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களையே சுற்றச் சொன்னாலும் சொல்வார்கள்.

உங்கள் பழக்கத்தில் வல்வெட்டித்துறைப் பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கூட்டிப் போவது ஒரு தனி லாபம். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக் கப்பல் 1938-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா வரை போயிருக்கிறது. கயிறு, பாய், காற்று என்று அவர்கள் வீட்டில் பேச்சு ஓடியிருக்கும்; கப்பல் ஊழியர்கள் அவரைச் சுற்றிக்கொள்வார்கள், உங்களுக்கு மொழிபெயர்க்கும் வேலை வந்து சேரும்.

ஹெட்ஸுக்கு வெளியே

வலப்பக்கம் தென்முனையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சின்னக் கலங்கரை விளக்கம் தெரியும். பெயர் ஹோர்ன்பி, 1858-ல் கட்டியது. அதற்கு முந்தைய வருடம் டன்பார் என்ற கப்பல் இருட்டிலும் மழையிலும் வாயிலைத் தவறவிட்டு, சற்றுத் தெற்கே பாறையில் மோதியது. 121 பேர் இறந்தார்கள், ஒரே ஒருவர் பிழைத்தார். அதன் பிறகுதான் இந்த விளக்கு வந்தது. பாறையை நிமிர்ந்து பாருங்கள், ஏன் பிழைக்க முடியவில்லை என்று புரியும்.

வாயிலைத் தாண்டிய சில நிமிடங்களில் முதல் அலை தெரியும். கப்பலின் முன்பகுதி மெதுவாக எழும்பி, ஒரு நொடி நின்று, இறங்கும். இங்கே இரண்டு விஷயம். ஒன்று, கப்பலின் நடுப்பகுதியில் நில்லுங்கள். சீசா பலகையின் நடுவில் உட்காருவதுபோல அங்கே ஏற்ற இறக்கம் குறைவு. இரண்டு, கரையையோ தொடுவானத்தையோ பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள், வீடியோவைத் திருத்தி ஸ்டேட்டஸ் போடும் வேலையைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். குமட்டினால் வெட்கப்பட்டுக் கீழே ஓடாதீர்கள். ஊழியர்களிடம் சொல்லுங்கள், தண்ணீரும் பையும் தருவார்கள். ஓரத்துக்குப் போக வேண்டி வந்தால் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம் போங்கள். இதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை.

பிறகு இன்ஜினை நிறுத்துவார்கள். அதுவரை பாதத்துக்கடியில் அதிர்ந்துகொண்டிருந்த தளம் அமைதியாகிவிடும். கயிறு முறுகும் சத்தமும் இரும்பு உடம்பில் தண்ணீர் உரசும் சத்தமும் அப்போதுதான் காதில் விழும். கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நிலைகொள்ளும். பாய் பிடித்துக்கொள்வதால் உருளுவதும் குறையும். குமட்டல் இருந்தவர்களில் பாதிப்பேர் இங்கே தெளிந்துவிடுவார்கள். வேகம் என்னவோ ஆறேழு நாட்தான் இருக்கும், கரையில் ஓடுகிறவர் முந்திவிடுவார். ஆனால் நூற்றுக்கணக்கான டன் இரும்பு ஒரு சொட்டு டீசல் இல்லாமல் நகர்கிறது என்பதை உடம்பு புரிந்துகொள்ளும்போது அந்த வேகமே அதிகமாகத் தோன்றும்.

கப்பலைத் திருப்பும் நேரம் வந்தால் வேறு எதையும் பார்க்காதீர்கள். காற்றை நோக்கி முகத்தைத் திருப்பிக் கொண்டுவரும்போது நடுமரத்தின் குறுக்குமரங்கள் எல்லாம் ஒரே ஆணையில் சேர்ந்து சுழலும், பாய்கள் படபடவென்று அடிக்கும், கப்பல் நின்றுவிட்டதோ என்று தோன்றும். அடுத்த ஆணையில் முன்மரமும் திரும்பும், புதுப் பக்கத்தில் காற்று ஏறும். ஒரு நொடி முன்னால் ஆணையிட்டாலும் பின்னால் ஆணையிட்டாலும் கப்பல் நடுவழியில் மாட்டிக்கொள்ளும். காற்று போதவில்லை என்றால் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, முதுகைக் காற்றுக்குக் காட்டித் திருப்புவார்கள். அதற்கு நேரமும் இடமும் அதிகம் பிடிக்கும்.

திரும்பிய பிறகு

வந்து கட்டும் நேரம் காற்றைப் பொறுத்தது. மாலை ஆறு மணிக்குப் பிறந்தநாள் விருந்து, ஏழு மணிக்குக் கோயில் என்று அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். இறங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிலம் ஆடுவதுபோல் இருக்கும். படுக்கும்வரை சிலருக்கு நீடிக்கும், பயப்பட ஒன்றுமில்லை. உப்புக்காற்றில் நின்ற கேமராவையும் மூக்குக்கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

ஒரு நாள் போதாது என்று தோன்றினால் தன்னார்வலராகச் சேரக் கேட்டுப் பாருங்கள். முன் அனுபவம் தேவையில்லை, பயிற்சி அவர்களே தருவார்கள். எடுத்தவுடன் மரத்தில் ஏற்றிவிட மாட்டார்கள். துரு சுரண்டுவது, பெயிண்ட் அடிப்பது, பாய் தைப்பது, பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறுவது என்று எத்தனையோ வேலை இருக்கிறது. வெல்டிங், தச்சு, மின்வேலை தெரிந்தவர்கள் என்றால் அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.